வேங்கடச் சூழலில் பழைய ஊர்ப்பெயர்கள்: இடங்காணும் முறை பற்றிய திறனாய்வு

பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் பயின்றுவரும் ஊர்ப்பெயர்களுள் பல இன்றும் மாறாது வழங்குகின்றன. சில மருவி வழங்குகின்றன. வேறு சில வழக்கொழிந்து, ஏட்டிலும் கல்லிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. இம்மூன்றாம் வகைப் பெயர்களுக்குரிய இடங்களைக் கண்டறிவது ஊர்ப்பெயராய்வின் கடினமான பகுதியாகும். தமிழில் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' என்னும் நூலைத் தொடர்ந்து எழுந்த ஆய்வுகள் பெயரின் பொருளை விளக்குவதிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தின. பெயரின் பொருளை விளக்குவது வேறு. அப்பெயர் குறித்த இடத்தைக் காட்டுவது வேறு. முன்னதற்குச் சொல்லறிவு போதும். பின்னதற்கு நிலமும் கல்லும் மண்ணடிப் பொருளும் சான்று கூற வேண்டும்.

இவ்வேறுபாட்டை ஆராய்வதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தினும் ஏற்ற களம் அரிது. தொண்டை மண்டலத்தின் வட பகுதியாக விளங்கிய இந்நிலத்தின் பெரும்பகுதி, 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வடார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருமலை திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. இன்று அவ்வூர்களின் பேச்சுமொழி பெரும்பாலும் தெலுங்கு. ஒரு மொழியில் பிறந்த பெயர் மற்றொரு மொழியினர் நாவிற் புகும்போது ஒலி மாறுவதும், பொருள் விளங்காமையால் வேறு பொருள் கற்பிக்கப்பெறுவதும், முற்றிலும் கைவிடப்பெறுவதும் இயல்பு. இம்மூன்றும் இங்கு நிகழ்ந்துள்ளன.

இதற்கு நெருங்கிய ஒப்புமை பிரித்தானியத் தீவில் உண்டு. உரோமர் ஆட்சி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு முடிவுற்றபின், ஆங்கில மொழியினரின் குடியேற்றத்தால் பழைய கெல்திய, இலத்தீன் ஊர்ப்பெயர்கள் பல மறைந்தன. தாலமியின் புவியியல், அந்தோனினர் வழிநூல், இராவென்னா உலக விவரணம் ஆகிய மூன்று நூல்களே அப்பெயர்களை மீட்பதற்குத் தலையாய கருவிகள். இராவென்னா நூலில் மட்டும் பிரித்தானியப் பெயர்கள் ஏறத்தாழ 300 உள்ளன. இவற்றையெல்லாம் தொகுத்து, பெயரின் வடிவம், பொருள், இடம் ஆகியவற்றைத் தனித்தனியே சீர்தூக்கி ரிவெட், சுமித் இருவரும் 1979இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. விண்டோலாண்டா என்னும் கோட்டையின் இடம் அவ்வூர்க் குடிகள் தம் பெயரைப் பொறித்து நிறுவிய பலிபீடம் 1914இல் அங்கேயே கிடைத்தமையால் ஐயமற்றதாயிற்று. மாறாக, உரோமப் படை வென்றதாகத் தாசித்தசு கூறும் கிரௌப்பியசு மலையின் இடம் இன்றளவும் முடிவாகவில்லை. அதனினும் வியப்பானது, அப்பெயர் 15ஆம் நூற்றாண்டு அச்சுப் பதிப்பில் எழுத்துப் பிழையோடு 'கிராம்பியசு' என ஏறி, அப்பிழை வடிவமே காட்லாந்தின் மலைத்தொடர் ஒன்றுக்குப் பெயராக நிலைத்துவிட்டமை. ஏட்டுப் பிழை நிலப்படத்தில் மலையாக நிற்பதற்கு இது சான்று.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இணையானவை வேங்கடச் சூழலிலும் உள்ளன. முதல் வகைக்குத் தொண்டைமானாற்றூரைக் காட்டலாம். முதலாம் ஆதித்த சோழன் கல்வெட்டுகளில் 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' எனக் குறிக்கப்பெறுகிறான். ஏறத்தாழ 907இல் மறைந்த அவ்வேந்தன் துஞ்சிய ஊர் எது என்னும் வினாவிற்குப் பெயரொலியை மட்டும் கொண்டு விடை தேடியிருந்தால், தொண்டைமான் பெயர் தாங்கிய ஊர்கள் பலவும் போட்டிக்கு வந்திருக்கும். திருக்காளத்தியை அடுத்த தொண்டமானாடு என்னும் ஊரிலுள்ள சிவன் கோயில் இச்சிக்கலைத் தீர்த்தது. கோதண்டராமேசுவரம் என்றும் ஆதித்தேசுவரம் என்றும் வழங்கிய அக்கோயிலில் முதலாம் பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. தந்தை துஞ்சிய இடத்தில் மகன் எடுப்பித்த பள்ளிப்படை அது என்பது அதனாற் பெறப்படுகிறது. இங்கு ஊர்ப்பெயர், அரசனின் சிறப்புப்பெயர், கோயிற்பெயர், கல்வெட்டு இருக்கும் இடம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இன்றைய பெயரில் 'ஆற்றூர்' என்னும் ஈறு இல்லை. 'நாடு' என்பது போன்ற ஈறே உள்ளது. ஒலியொப்புமையைக் கண்டிப்பாகக் கொள்வோர் இதனை ஏற்கத் தயங்குதல் கூடும். ஆயினும் இது ஐயமற்ற இடங்காணல். ஒலி பொருந்தாத இடத்தும் கல் பொருந்துமாயின் கல்லே வெல்லும்.

குடிமல்லம் இதனினும் நுட்பமான செய்தியைத் தருகிறது. திருப்பதிக்குக் கிழக்கே ஏர்ப்பேட்டை அடுத்துள்ள இச்சிற்றூரின் பரசுராமேசுவரர் கோயில், அதன் பழமையான இலிங்கத்தால் உலகறிந்தது. கோபிநாதராவ் தம் சிற்பவியல் நூலில் இதனை விளக்கியபின் அறிஞர் பலர் இதன் காலத்தை ஆராய்ந்தனர்; இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் 1973இல் ஐ.கா. சர்மா அகழாய்வு நிகழ்த்தினார். இலிங்கம் கிறித்துவுக்கு முற்பட்டது என்பாரே பலர். ஆனால் குடிமல்லம் என்னும் பெயர் அக்கோயிற் கல்வெட்டு எதிலும் இல்லை. வெங்கையா 'எபிகிராபியா இண்டிகா' 11ஆம் தொகுதியில் வெளியிட்ட வாணர் காலக் கல்வெட்டுகள் அவ்வூரைத் திருவிப்பிரம்பேடு என்றே அழைக்கின்றன. பள்ளத்தில் அமைந்த கோயில் என்னும் பொருளுடைய தெலுங்குத் தொடரே குடிமல்லம் என மருவியது என்பர். கருவறை தாழ்ந்திருத்தலின் இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது.

இங்கு ஆய்வாளர் பலர் நின்றுவிடுகின்றனர். பழைய பெயர் கிடைத்தது, பணி முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். உண்மையில் வினா இனித்தான் தொடங்குகிறது. விப்பிரர் என்பது அந்தணரைக் குறிக்கும் வடசொல். பேடு என்பது கோயம்பேடு, ஏர்ப்பேடு முதலியவற்றில் வரும் ஊர்ப்பெயர் ஈறு. ஆகவே திருவிப்பிரம்பேடு என்பதே அந்தணர் குடியிருப்பு ஒன்று ஏற்பட்டபின் தோன்றிய பெயராதல் வேண்டும். அக்கல்வெட்டுகள் 9ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. இலிங்கமோ அவற்றினும் பல நூற்றாண்டு முற்பட்டது. அவ்விடைக்காலத்தில் அவ்வூரை மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பதற்குச் சான்றில்லை. இடம் கிடைத்திருக்கிறது, அதன் முதற்பெயர் கிடைக்கவில்லை. பெயர் உண்டு, இடமில்லை என்னும் வழக்கமான சிக்கலின் மறுதலை இது. சங்க நூல்களில் இடமறியாது நிற்கும் தொண்டை நாட்டுப் பெயர்களுள் ஒன்று இவ்வூருக்குரியதாக இருந்திருக்கவும் கூடும். அதனை உறுதி செய்ய வழியில்லாமையால் கூறாதிருத்தலே முறை.

திருச்சானூரைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. பழைய கல்வெட்டுகளில் திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சோகினூர் என வரும் ஊரே அது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சாது சுப்பிரமணிய சாத்திரியார் 1930களின் தொடக்கத்தில் தேவத்தானத்தின் சார்பில் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபின், பெயரின் ஒலிமாற்றத்தை நூற்றாண்டு தோறும் பின்தொடர இயலுகிறது. சுக முனிவரோடு இயைத்துச் சுகனூர் எனக் கூறும் தலமரபு பிற்காலத்து வடிவத்தினின்று பிறந்தது என்பது காலமுறைப்படி வடிவங்களை வரிசைப்படுத்தினால் புலனாகும். தலமரபு பக்திக்கு உரியது. அதனைச் சொற்பிறப்புக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

கல்வெட்டின் துணை இல்லாத இடத்து ஆய்வு எவ்வாறு தடுமாறுகிறது என்பதற்கு உடுப்பூர் தக்க சான்று. கண்ணப்ப நாயனார் பிறந்த ஊர் பொத்தப்பி நாட்டு உடுப்பூர் எனச் சேக்கிழார் கூறுகிறார். பொத்தப்பி எங்குள்ளது என்பதில் ஐயமில்லை. முன்னைய கடப்பை மாவட்டத்தின் இராசம்பேட்டைப் பகுதியில் அப்பெயருடைய ஊர் இன்றும் உண்டு. பொத்தப்பிச் சோழர் என்னும் தெலுங்குச் சோழ மரபினர் அதனாற் பெயர் பெற்றனர். எனவே நாடு கிடைத்துவிட்டது. நாடு கிடைத்தபின் ஊரை அருகிலேயே தேடுவது இயற்கை. இராசம்பேட்டையை ஒட்டிய ஊட்டுகூரு என்னும் ஊரே உடுப்பூர் எனப் பலரும் எழுதி வருகின்றனர்.

இக்கருத்தைத் தாங்குவது நாட்டின் இருப்பிடமும் ஓரளவு ஒலியொப்புமையும் ஆகும். தடைகளோ வலியவை. உடுப்பூரின் முதலுயிர் குறில். ஊட்டுகூருவின் முதலுயிர் நெடில். முன்னதன் ஈறு 'பூர்'. பின்னதன் ஈறு 'கூரு'. தெலுங்கில் பகரம் ககரமாகத் திரிதல் முறையான ஒலிமாற்றம் அன்று. இப்பெயருடைய ஊர்கள் ஆந்திரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டுள்ளன என்பதும் மறக்கற்பாலதன்று. இனிச் சேக்கிழார் காட்டும் நிலக்காட்சியை நோக்கலாம். திண்ணனார் வேட்டைக்குச் சென்று, ஓடிய பன்றியைத் தொடர்ந்து கொன்று, நீர்வேட்கையால் பொன்முகலியாற்றை அடைந்து, காளத்தி மலையைக் காண்கிறார். வேட்டை முற்றும் ஒரு நாளில் நிகழ்வதாகவே காப்பியம் செல்கிறது. இராசம்பேட்டைக்கும் காளத்திக்கும் இடையே நேர்த்தொலைவே 70 கிலோமீட்டருக்கு மேல். இடையில் மலைத்தொடரும் உண்டு.

காப்பியம் வழிநூல் அன்று. அதில் தொலைவு தேடுவது முறையாகாது என மறுப்பாரும் உளர். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் அதனை ஏற்பவர், அதே காப்பியத்தின் 'பொத்தப்பி நாடு' என்னும் குறிப்பைமட்டும் நிலவியற் சான்றாக எடுத்துக்கொள்வது எங்ஙனம்? ஒரே பாடற்பகுதியில் தமக்கு இயைந்ததை நிலவியல் என்றும் இயையாததைக் கற்பனை என்றும் பிரிப்பது ஆய்வுநெறி ஆகாது. பொத்தப்பி என்பது ஊரின் பெயராக மட்டுமன்றி அகன்ற ஆட்சிப் பிரிவின் பெயராகவும் வழங்கியதாகலின், உடுப்பூர் அப்பிரிவின் தென்பகுதியில் காளத்தியை நோக்கிய காட்டில் இருந்திருத்தலும் கூடும். இன்றைய நிலையில் நாடு கண்டறியப்பட்டது, ஊர் கண்டறியப்படவில்லை என்பதே கூறத்தக்கது.

தாலமியின் பெயர்களுக்கு வரும்போது தடுமாற்றம் மிகுகிறது. 2ஆம் நூற்றாண்டினராகிய அவர் தென்னிந்திய நகரங்கள் பலவற்றை அளவெண்களோடு குறித்துள்ளார். ஆயின் அவர் படத்தில் இந்தியத் தீபகற்பமே உருவழிந்துள்ளது. மேலைக் கடற்கரை தெற்கு நோக்கி இறங்காது பெரிதும் கிழக்கு நோக்கி ஓடுகிறது. காட்லாந்தைக் கிழக்கே மடித்து வரைந்தவரும் அவரே. அடித்தளம் சாய்ந்துவிட்டமையால், அளவெண்கள் அண்டை ஊர்களின் உறவைக் காட்டுமேயன்றி உண்மை இடத்தைக் காட்டா.

ஆர்க்காதோசு என்பவனின் கோநகர் சோரா என்பது அவர் தரும் குறிப்பு. கால்டுவெல் இதனைத் தலைகீழாக்கி, ஆர்க்காதோசு என்பது ஊரின் பெயர், சோரா என்பது சோழர் பெயர், கிரேக்க ஆசிரியர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார் எனக் கொண்டார். ஆர்க்காதோசு ஆர்க்காடு ஆயிற்று. மெக்கிரிண்டிலின் 1885ஆம் ஆண்டு நூல் வழியாக இக்கருத்து பரவியது. கருத்தின் கூர்மை வியக்கத்தக்கது. எனினும் மூலநூலின் சொற்றொடரைத் திருத்திய பின்னரே பொருந்தும் ஓர் இடங்காணலை எவ்வளவு தூரம் நம்புவது? மேலும் ஆர்க்காடு என்னும் பெயர் ஓரிடத்துக்கே உரியதன்று. அழிசி என்பானின் ஆர்க்காட்டை நற்றிணை 190ஆம் பாடல் குறிக்கிறது. 227ஆம் பாடலிலும் சோழரோடு இயைந்து ஆர்க்காடு வருகிறது. இவ்வூரைக் காவிரி நாட்டில் வைத்துக் காண்பாரும் உளர். ஆத்தி மரம் நிறைந்த காடு எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் ஓர் ஆர்க்காடு தோன்றியிருக்கலாம். பொதுப்பெயரால் அமைந்த ஊர்களை ஒலியொப்புமை கொண்டு பொருத்துவது, ஆற்றங்கரையில் நிற்கும் எல்லா ஊரையும் ஆற்றூர் எனக் கொள்வது போன்றதே.

பிரித்தானிய ஆய்வாளர்க்கு வாய்த்த பெரும்பேறு வழிநூல். அந்தோனினர் வழிநூலில் அத்தீவிற்குரிய 15 வழிகள், ஊருக்கு ஊர் மைல் எண்ணிக்கையோடு தரப்பட்டுள்ளன. வேங்கட வட்டாரத்திற்கு அத்தகைய நூல் இல்லை. வழியின் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. வாணர் கல்வெட்டுகளில் 'வடுகவழி பன்னீராயிரம்' என அவர்தம் நாடு குறிக்கப்பெறுகிறது. உதயேந்திரச் செப்பேடு, ஆந்திரப் பாதைக்கு மேற்கிலுள்ள நிலம் என வடமொழியில் இதனையே கூறுகிறது. வடுகர் நாட்டுக்குச் செல்லும் பெருவழி ஒன்று இருந்தது, அதனால் ஒரு நாடே பெயர் பெற்றது என்பது தெளிவு. அவ்வழி எந்தெந்த ஊர்களைத் தொட்டுச் சென்றது என்பதை வாணர் கல்வெட்டுகள் கிடைத்த இடங்களையும் மலைக் கணவாய்களையும் ஒருங்கு வைத்து வரைந்து பார்த்தல் வேண்டும். தனித்தனிப் பெயர்களுக்கு இடம் தேடும் முயற்சியில் செலவான உழைப்பில் ஒரு பங்கு இவ்வழியைத் தேடுவதில் செலவாகியிருப்பின், பெயர்கள் பல தாமே தம் இடத்தில் வந்து அமைந்திருக்கும்.

எஞ்சியுள்ளது வேங்கடம். இஃது எக்காலத்தும் மறையாத பெயராதலின் இதன் இடம் பற்றி வினாவே இல்லை எனத் தோன்றும். தோற்றம் மயக்குவது. பனம்பாரனார் தொல்காப்பியப் பாயிரத்தில் தமிழுலகின் வடவெல்லையாக வேங்கடத்தைக் கூறினார். மாமூலனார் அகநானூறு 61ஆம் பாடலில் கள்வர் தலைவன் புல்லிக்குரிய, விழாச் சிறப்புடைய வேங்கடத்தைக் காட்டுகிறார். அதே தொகையின் 85ஆம் பாடல் அதனைத் திரையனுக்கு உரித்தாக்குகிறது. 213ஆம் பாடல் தொண்டையர்க்கு உரித்தாக்குகிறது. புறநானூற்றில் ஆதனுங்கனும் வேங்கடத்துத் தலைவனாக வருகிறான். ஒரே குன்றுக்கு இத்தனை தலைவர் ஒரே காலத்தில் இருந்தனர் எனல் பொருந்தாது. அடுத்தடுத்த காலத்தவர் எனின் அமையும். அன்றி வேங்கடம் என்பது பல குன்றுகளும் காடும் சிற்றூரும் அடங்கிய அகன்ற மலைநாடு எனினும் அமையும். பின்னதற்குக் கல்வெட்டு துணை நிற்கிறது. திருவேங்கடக் கோட்டம் என்னும் ஆட்சிப் பிரிவு மலையுச்சியோடு நில்லாது சமவெளி ஊர்களையும் தழுவியது. திருச்சானூர் அதனுள் அடங்கியது மேலே காட்டப்பட்டது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் திருமால் நின்ற மலையாக வேங்கடம் வரும்போதே பெயர் ஒரு கொடுமுடியை நோக்கிக் குவியத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தார் அறிந்த வேங்கடம் இக்குவிந்த பொருளே. அதனைச் சங்கப் பாடல்களின் மீது ஏற்றிப் படிப்பதால்தான் எல்லை என்பது ஒரு புள்ளி என்னும் எண்ணம் வேரூன்றியது.

இவ்வெண்ணம் ஏட்டளவில் நிற்கவில்லை. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்து சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தபோது, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வட எல்லைப் போராட்டத்தில் வேங்கடம் பற்றிய இலக்கியச் சான்றே முழக்கமாயிற்று. பதாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. இக்கிளர்ச்சியை ஒட்டி இரு மொழியாரும் எழுதியவற்றில் ஊர்ப்பெயர்கள் சான்றாக அன்றிப் படைக்கலமாகவே கையாளப்பட்டன. தமிழ்ப் பெயர் காணப்பட்ட ஊரெல்லாம் தமிழூர் என்பது ஒரு தரப்பு. இன்றைய ஒலியே தொன்மை என்பது மறுதரப்பு. இருமொழி வழங்கிய எல்லைநிலத்தில் ஓர் ஊர்க்கு ஒரே காலத்தில் இரு பெயர் இருந்திருக்கலாம் என்பதை எத்தரப்பும் கருதிப் பார்க்கவில்லை.

பவத்திரி இதற்கு நல்ல மறுமொழி தருகிறது. நக்கீரர் அகநானூறு 340ஆம் பாடலில் திரையனுக்குரிய கடற்கரை ஊராக இதனைப் பாடியுள்ளார். முன்னைய நெல்லூர் மாவட்டத்துக் கூடூர் வட்டத்தைச் சேர்ந்த ரெட்டிப்பாளையமே இவ்வூர். அங்குள்ள கல்வெட்டுகள் அதனைக் காகந்தி நாட்டுப் பவத்திரி எனக் குறிப்பதால் இம்முடிவு எட்டப்பட்டது. திருப்பதி வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதிய சா. கிருட்டிணசாமி ஐயங்காரும் இதனை ஏற்றார். காகந்தி என்னும் பெயரொலியை மட்டும் பற்றியிருந்தால், மணிமேகலை புகார் நகருக்கு அப்பெயரைத் தருதலின் ஆய்வு காவிரியின் கழிமுகத்திற்குச் சென்றிருக்கும். ரெட்டிப்பாளையம் என்னும் இன்றைய பெயரிலோ பழம்பெயரின் ஓர் எழுத்தும் இல்லை. இவ்வூர் கூடூரின் கடற்கரைப் பக்கத்தில், திருமலையினும் வடக்கே அமைந்துள்ளது. வேங்கடத்தை எல்லைப் புள்ளியாகக் கொண்டு அதனூடே கிழக்கு மேற்காகக் கோடு கிழிப்பின், வேங்கடத்துக்கும் உரியவனாகப் பாடப்பெற்ற திரையனின் பவத்திரி அக்கோட்டுக்கு அப்பால் விழுகிறது.